மாமியாருக்கு முட்டுவலி வராத கதைகள்

மட்டாஞ்சேரி பஜார் சாலையில், படகுத்துறைக்குப் போகிற வழியில், அரிசிக் கிடங்குகளுக்கும் மிளகுக் கிடங்குகளுக்கும் நடுவே ஒரு சுக்குக் கிடங்கு இருந்தது. தொண்ணூறுகளின் பிற்பாதியில் அங்கே பதினைந்து இருபது பெண்கள் வேலை செய்தார்கள். லாரியிலிருந்து மூட்டை இறங்கும். முற்றத்தில் கொட்டிக் காய வைப்பார்கள். பிறகு முறத்தில் புடைத்து, பருத்தது தனி, உடைந்தது தனி, பூச்சி அரித்தது தனி என்று பிரிப்பார்கள். புதிதாக வருகிறவர்கள் முதல் வாரம் முழுக்கத் தும்மிக்கொண்டே இருப்பார்கள். அதன் பிறகு தும்மலும் போய்விடும், ஏறக்குறைய மூக்கும் போய்விடும்.

அந்தக் கிடங்கில் முப்பிடாதி என்ற ஒருத்திக்கு மட்டும், காலைச் சாயா குடித்த பிறகு மதியக் கஞ்சி வரைக்கும் முறம் கிடையாது. கவிழ்த்துப் போட்ட கூடையின் மேல் உட்கார்ந்து அவள் கதை வாசிப்பாள். அவள் பங்குச் சுக்கை மற்றவர்கள் ஆளுக்கு ஒரு கை என்று பிரித்து அவள் கணக்கில் போட்டுவிடுவார்கள். கண்ணூர்ப் பக்கம் பீடி சுற்றும் இடங்களில் இப்படித்தான், ஒருவர் பத்திரிகை வாசிக்க மற்றவர்கள் அவருக்கும் சேர்த்துச் சுற்றுவார்கள் என்று ரோஜாவின் அண்ணன் எப்போதோ சொல்லியிருந்தான். ரோஜா வாய் ஓயாதவள். பத்திரிகை யாருக்கு வேண்டும், நமக்குக் கதை வாசிக்கட்டும் என்று இங்கே ஆரம்பித்து வைத்தவள் அவள்தான். கணக்குப்பிள்ளை வைத்தீஸ்வரன் முதலில் முகம் சுளித்தார். வாசிக்கிற நேரத்தில் ஒருத்தியும் எழுந்து போவதில்லை, ஊர்வம்பு பேசுவதில்லை, வேலை கூடுதலாகவே நடக்கிறது என்று கண்ட பிறகு ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய மேசைதான் மாதத்துக்கு ஒரு சாண் என்று வாசலிலிருந்து உள்ளே நகர்ந்து வந்துகொண்டிருந்தது.

முப்பிடாதியின் குடும்பம் முனிசிபாலிட்டி வேலைக்காகத் திருநெல்வேலிப் பக்கமிருந்து இரண்டு தலைமுறைக்கு முன்னால் வந்தது. அவள் பிறந்ததும் படித்ததும் கொச்சியில். மலையாளம் தண்ணீர் பட்ட பாடு. தமிழில் கடைப் பலகை வாசிக்கவே எழுத்துக் கூட்ட வேண்டும். ஆனால் வேலை செய்கிற பெண்களில் பாதிப் பேருக்குக் கதையைத் தமிழில் சொன்னால்தான் ருசிக்கும். அதனால் கண்ணால் மலையாளம் படித்து வாயால் தமிழ் சொல்லப் பழகிக்கொண்டாள். நடுவில் தட்டினால், "பின்னெ" என்று ஒரு இழுப்பு இழுத்துச் சமாளிப்பாள்.

எல்லாம் பழைய பேப்பர்க் கடையில் பொறுக்கிய புத்தகங்கள். அட்டை இருக்காது. முதல் பத்துப் பக்கம் இருக்காது. தொடர்கதை வருகிற வாரிகை, அதாவது வாரப் பத்திரிகை என்றால் ஒன்றாம் வாரம் இருக்கும், மூன்றாம் வாரம் இருக்கும், இரண்டாவதில் யாரோ மீன் பொதிந்து போயிருப்பார்கள். அதனால் கிடங்கில் ஒரு வழக்கம் உண்டாகிவிட்டது. பக்கம் கிழிந்த இடம் வந்ததும் முப்பிடாதி, "பக்கம் இல்ல" என்று சொல்லி நிறுத்துவாள். உடனே வாக்குவாதம் தொடங்கும். அவன் வந்தானா, அவள் போனாளா, அப்பன் சம்மதித்தானா. கடைசியில் கை தூக்கச் சொல்லி, எந்தப் பக்கம் கை அதிகமோ அதுதான் நடந்தது என்று முடிவு செய்து அடுத்த பக்கத்துக்குப் போவார்கள். புத்தகம் வேறு மாதிரிப் போனால் தவறு புத்தகத்தின் மேல்தான்.

முப்பிடாதி வாசிக்க மட்டும் செய்கிறவள் இல்லை, பேசிக்கொண்டே வாசிப்பாள். காதல் கதைகளில் வருகிற மழை அவளுக்கு ஆகாது. "இவளுக்குச் சம்மதம் சொல்ல மழை வரணும். நம்ம ஊர்ல ஆறு மாசம் மழ. அப்ப எத்தன சம்மதம் சொல்லணும்" என்பாள். கல்யாணத்துக்கு மறுநாள் காலையில் யார் எழுந்து சாயா போட்டார்கள் என்று எழுதாத கதையை அவள் கதையாகவே மதிப்பதில்லை. வயதுக்கு வந்து, பள்ளிக்கூடம் முடித்து, ஒரு பையைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறுகிற பெண்களின் கதைகள் என்றால் உயிர். அதிலும் ஒரு குறை உண்டு. பையில் என்ன இருந்தது என்று ஒருத்தரும் எழுதுவதில்லை. "அதுதானே முக்கியம்? எத எடுத்தா, எத விட்டா?" அந்த மாதிரிக் கதை வாசிக்கும்போது, இருப்பவர்களில் இளையவளான மஞ்சுஷா முறத்தை மடியில் வைத்துவிட்டு வாயைத் திறந்தபடி இருப்பாள். வயது பத்தொன்பது. அவளுக்கும் மலையாளம் வாசிக்கத் தெரியும். ஆனால் தானாக வாசித்தால் இந்தக் கலகலப்பு இல்லை என்பாள்.

எத்தனை விதமான காதல்கள் அந்தச் சுக்குத் தூசியில் நடந்தன. வளைகுடாவில் வேலை பார்த்த ஒரு கோட்டயத்து நர்ஸ், மொழி தெரியாத சூடான்காரன் ஒருவனைக் கட்டிக்கொண்டாள். அது தகுமா என்று பேச்சு வந்தபோது ரோஜா சொன்னாள்: "பாஷ தெரியாதது நல்லதுதான். எனக்கு எங்க வீட்டுக்காரர் பேசுறது எல்லாம் வெளங்கிப் போச்சு. அதுதான் கஷ்டம்." பென்ஷன் வாங்கிய பிறகு கல்யாணம் செய்துகொண்ட இரண்டு வாத்தியார்களின் கதைக்கு எல்லோரும் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். ஹாஸ்டலில் ஒரே அறையில் இருந்த இரண்டு பெண்கள் ஒருவரை விட்டு ஒருவர் இருக்க மாட்டாமல் தவித்த கதையும் ஒன்று வந்தது. ரோஜாகூடக் குனிந்து முறத்தைப் பார்த்துக்கொண்டாள். இரண்டு பேரையும் வீட்டுக்காரர்கள் பிரித்து வேறு வேறு ஊருக்கு அனுப்புகிற இடம் வந்ததும், மூலையிலிருந்து காளியம்மையின் குரல் கேட்டது.

"ரெண்டும் ஒரு கலத்துல கஞ்சி குடிச்சிட்டுக் கெடந்தா இவனுகளுக்கு என்ன நட்டம்? பிரிச்சு விட்டாச்சு. இப்ப யாருக்குச் சந்தோசம்?"

காளியம்மை முப்பிடாதியின் மாமியார். ஐம்பதைத் தாண்டியவள், முழங்கால் பிடித்துக்கொண்டதால் சப்பணம் போட முடியாமல் பலகை போட்டு உட்காருகிறவள். எழுத்து ஒன்றும் தெரியாது. புத்தகத்தில் வருகிறவர்களிடம் அவளுக்கு இருந்த தாராளம் வேறு யாருக்கும் இல்லை. ஓடிப்போனவளையும் பொறுப்பாள், ஏமாந்தவளையும் பொறுப்பாள். ஏமாற்றினவனுக்குக்கூட, "பாவம், அவனுக்கு என்ன நெருக்கடியோ" என்று ஒரு சமாதானம் வைத்திருப்பாள்.

"நம்மள மாதிரி ஆளு ஒரு புஸ்தகத்துலயும் வர மாட்டாளாக்கா?" என்று மஞ்சுஷா ஒருநாள் கேட்டாள்.

"வருவாளே," என்றாள் முப்பிடாதி. "ஒரு வரியில வந்து வாசல் முத்தத்தத் தூத்துப் பெருக்கிட்டுப் போவா."

முப்பிடாதிக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. கணவன் நல்லசிவம் சாக்கடை அள்ளுகிற ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்த்தவன். ஒரு மழைக்காலத்தில் எலிப்பனி என்கிற எலிக்காய்ச்சல் வந்து, இரண்டாம் வாரம் போய்ச் சேர்ந்தான். பிள்ளை இல்லை. காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் கலைந்தபோது, முப்பிடாதியை அம்மா வீட்டுக்குப் போ என்று காளியம்மை சொல்லவில்லை. இரு என்றும் சொல்லவில்லை. மறுநாள் இரண்டு பேருக்கும் சேர்த்து உலை வைத்தாள், அவ்வளவுதான். அன்றிலிருந்து ஒரே அறை, ஒரே அடுப்பு, ஒரே கிடங்கு.

பழைய பேப்பர்க் கடையை ஊரில் ஆக்ரிக் கடை என்பார்கள். அதை நடத்திய முத்துவேல் சங்கரன்கோவில் பக்கத்துக்காரர். தங்கைகளுக்குக் கல்யாணம் செய்துவைத்து நிமிர்ந்தபோது தனக்கு நாற்பது நெருங்கிவிட்டதைக் கவனித்த ஆள். தமிழ் வாசிப்பார், மலையாளம் வாசிக்கத் தெரியாது. ஆனாலும் முப்பிடாதிக்காகக் கதைப் புத்தகங்களைத் தனியாக எடுத்து வைப்பார். எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "எடுத்துப் பிரிப்பேன். பேச்சுக்கு முன்னால ரெண்டு கோடு, பின்னால ரெண்டு கோடு போட்டிருந்தா கத. இல்லன்னா கத இல்ல" என்றார். இந்த முறையில் ஒருமுறை மீன்வலைத் தகராறு ஒன்றின் விசாரணை அறிக்கை வந்து சேர்ந்தது. முழுக்கக் கேள்வியும் பதிலும். முப்பிடாதி அதையும் விடாமல் வாசித்தாள். சாட்சி சொன்ன ஒரு கிழவனைப் பெண்களுக்கு மிகவும் பிடித்துப்போய், அவன் மறுபடி எப்போது வருவான் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

முப்பிடாதி முத்துவேலை அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டாள். ஒரு வேனல் காலத்துப் பிற்பகல், தராசில் பேப்பர்க் கட்டை ஏற்றிக்கொண்டிருந்தவர் சொன்னார்:

"ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க அண்ணாச்சி."

"அதத்தான் சொல்ல வந்தேன். இனிமே அந்த அண்ணாச்சிய விட்டுருங்க."

"பின்னெ என்னன்னு கூப்பிட?"

"அது ஒங்க இஷ்டம். யோசிச்சுச் சொல்லுங்க. அவசரம் ஒண்ணும் இல்ல." சொல்லிவிட்டு, படிக்கல் வைக்கிற தட்டிலும் ஒரு பேப்பர்க் கட்டைத் தூக்கி வைத்தார்.

படகுத்துறை வரைக்கும் நடந்த பிறகுதான் முப்பிடாதிக்கு விஷயம் பிடிபட்டது. துறையில் நின்று தனியாகச் சிரித்தாள். எத்தனையோ கதைகளில் எத்தனையோ ஆண்கள் பக்கம் பக்கமாகப் பேசிக் கேட்டிருக்கிறாள். இவ்வளவு சிக்கனமாக ஒருத்தனும் கேட்டதில்லை. மழையும் இல்லை. அவளுக்குப் பிடித்திருந்தது. பதில் என்னவென்று அங்கேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

வீட்டில் எப்படிச் சொல்வது என்பதுதான் தெரியவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. அவர்கள் சந்தில் அனந்தலக்ஷ்மி என்று ஒருத்தி, புருஷன் போன பிறகு எர்ணாகுளத்தில் கட்டட வேலைக்காரர் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு போனாள். அவள் எப்போதாவது சந்துக்கு வந்தால் காளியம்மை முகத்தைத் திருப்பிக்கொள்வாள். குழாயடியில் அவள் நின்றால் குடத்தை எடுத்துக்கொண்டு திரும்பி வந்துவிடுவாள். புத்தகத்தில் வருகிற விதவைக்கு ஒரு நியாயம், சந்தில் இருக்கிற விதவைக்கு ஒரு நியாயம். தன் வீட்டில் இருக்கிறவளுக்கு எந்த நியாயம்? முத்துவேல் வேண்டும். அதற்காக இந்த அடுப்பை, இந்த மனுஷியை இழக்க முடியாது. கேட்டு, அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டால்? கேட்காமலே நாட்கள் போயின.

அந்தச் சமயம் கையில் இருந்தது திரேசா என்ற தையல்காரியின் கதை. வைப்பின் தீவுக்காரி, கணவனை இழந்தவள். அவளுக்கு அன்னம்மா என்று ஒரு மாமியார். ஒரு போட்டுக்காரன், அக்கரைக்குப் படகு ஓட்டுகிறவன், தினமும் கிழிந்த சட்டை எதையாவது தைக்கக் கொண்டுவந்துகொண்டிருந்தான். அவனிடம் அத்தனை சட்டை ஏது என்று பெண்கள் விவாதித்துக்கொண்டிருந்த கட்டத்தில், நடுவில் கொத்தாகப் பக்கங்கள் இல்லை. வழக்கமாக, "பக்கம் இல்ல" என்று நிறுத்த வேண்டிய இடம். முப்பிடாதி நிறுத்தவில்லை. கண்ணைப் புத்தகத்தில் வைத்தபடி வாசித்துக்கொண்டே போனாள்.

போட்டுக்காரன் திரேசாவிடம் இனிமேல் என்னை அண்ணன் முறையில் சேட்டா என்று கூப்பிடாதே என்றான்.

"அது என்னத்துக்கு?" என்று ரோஜா குறுக்கிட்டாள். "கட்டுனவனையும் சேட்டான்னுதானே விளிப்பாளுக? இந்த ஆளுக்கு எதுலட்டி கொழப்பம்?"

"அவன் அப்படித்தான்," என்று முப்பிடாதி விழுங்கிக்கொண்டு மேலே போனாள். திரேசாவுக்குச் சம்மதம். ஆனால் மாமியாரிடம் சொல்லப் பயம். அன்னம்மா எழுத்து தெரியாதவள், நல்லவள், எடுத்துச் சொல்லத் தெரியாதவள். முட்டுவலிக்காரி, தரையில் உட்கார முடியாமல் பலகை போட்டு உட்காருகிறவள். அவளை விட்டுப் போக திரேசாவுக்கு மனசு இல்லை. போகாமல் இருக்கவும் மனசு இல்லை.

அங்கே வந்துதான் நிறுத்தினாள். "இனிமே பக்கம் இல்ல."

பெண்கள் முறத்தைக் கீழே வைத்தார்கள்.

"கெழவிக்கு மக வீடு இருக்கும்லா? அங்க போகட்டும்."

"மக இல்லன்னு முன்னாலயே வாசிச்சாச்சு."

"அப்பச் செரி, கன்னியாஸ்திரிமார் மடத்துல சேத்துரலாம்," என்றாள் ரோஜா. "வேளாவேளைக்குச் சோறு, பக்கத்துலயே மாதா கோயில். கெழவிக்கு என்ன கேடு?"

"கெழவிக்காகத் திரேசா கெடந்து சாகணுமா?" மஞ்சுஷாவுக்குக் கோபமே வந்துவிட்டது. "அவ போகட்டும். பைய எடுத்துட்டுப் போகட்டும்."

"போகட்டும்," என்று கணக்குப்பிள்ளையும் தலையைத் தூக்காமல் சொன்னார். எல்லோரும் திரும்பிப் பார்த்ததும், "மூட்டையச் சொன்னேன்" என்றார்.

கை தூக்கச் சொன்னார்கள். திரேசா கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று முடிவானது. அன்னம்மா மடத்துக்குப் போவதாகவும் முடிவானது. முப்பிடாதி ஒரே ஒரு ஆளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். காளியம்மை கை தூக்கவில்லை. சுவரைப் பிடித்து எழுந்து, முற்றத்துக்குப் போய், காலையில் பரப்பி வைத்த சுக்கைக் காலால் கிளறிக்கொண்டு நின்றாள். அது இன்னும் கிளறுகிற பதத்துக்கு வரவில்லை.

சாயங்காலம் வேலை முடிந்து இரண்டு பேரும் நடந்தார்கள். படகுத்துறைப் பக்கம் வந்ததும் காளியம்மை சிமெண்டுத் திட்டில் உட்கார்ந்து காலை நீட்டினாள். வில்லிங்டன் தீவுக்குப் போகிற போட்டு புகை விட்டுக்கொண்டு நின்றது.

"ஏட்டி முப்பி. அந்தப் புஸ்தகத்த எழுதுனது ஆணா பொண்ணா?"

"அட்ட கிழிஞ்சு போச்சு அத்த. தெரியல."

"நான் சொல்லுதேன். பொண்ணு. சுக்குக் கிடங்குல வேல செய்யுற பொண்ணு."

முப்பிடாதி போட்டின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நீயும் எத்தன மாமியாள வாசிச்சாச்சு. ஒண்ணு, மருமவளப் பட்டினி போடுவா. இல்ல, கடைசியில கால்ல விழுந்து அழுவா. முட்டுவலின்னு ஒருத்தி வந்திருக்காளா? எந்த எழுத்துக்காரன் மாமியாளுக்கு முட்டுவலின்னு எழுதுவான்? அவனுக்கு அது எதுக்கு?"

"அத்த…"

"கேக்கணும்னா என்கிட்ட கேளு. ரோஜாகிட்ட எதுக்கு ஓட்டுக் கேக்க? அவ என்னையக் கொண்டுபோயி மடத்துல தள்ளிட்டா. நீ பாத்துட்டு இருக்க."

"ஒங்ககிட்ட கேக்கப் பயந்தான்," என்றாள் முப்பிடாதி. "நீங்க அனந்தலக்ஷ்மிகிட்ட பேச மாட்டேங்கியள்லா. நாளைக்கு என்கிட்டயும் பேசாமப் போனா? குழாயடியில என்னையப் பாத்துட்டுக் கொடத்தத் தூக்கிட்டுப் போனா நான் என்ன செய்ய?"

காளியம்மை அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அவ கல்யாணம் பண்ணுனதுக்கா நான் பேசல? இத்தன நாளும் அப்படியா நெனச்சுட்டு இருக்க? அவ மாமியாள்கிட்ட ஒரு வார்த்த சொல்லாமப் போனாட்டி. அந்தக் கெழவி சோத்த மூடி வச்சுட்டு இருட்டுற வரைக்கும் வாசல்ல இருந்தா. மருமவ ஓவர்டைம் நிக்கான்னு நெனச்சுட்டு. நானும் கூட இருந்தேன். சோறு ஆறுனது எனக்குத் தெரியும். கல்யாணம் பண்ணுனா பண்ணட்டும். சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல?"

போட்டு கிளம்பியது. திட்டில் அலை வந்து அடித்துப் போனது. கிழிந்த பக்கங்களை எல்லாம் இட்டு நிரப்பத் தெரிந்தவள், பக்கத்தில் படுத்துத் தூங்குகிறவளைத் தலைகீழாக வாசித்து வைத்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது முப்பிடாதிக்கு. அதைவிட, குழாயடிப் பயம் விட்டுப்போனது நன்றாக இருந்தது.

"ஆளு யாரு?"

"ஆக்ரிக் கடை முத்துவேல்."

"அந்தத் தராசுக்காரனா? செரி. என்ன ஆளுகளாம்?"

"கேக்கல அத்த."

"கேட்டுராத. கேட்டா பதில் சொல்லுவான். பின்னெ அத வச்சுட்டு நான் என்ன செய்ய?" கையை நீட்டினாள். "தூக்கு. கட அடச்சிருப்பானா?"

"இப்பவேவா?"

"நாளைக்கு ஓட்டு எடுத்துட்டுப் போவமா?"

கடை அடைக்கவில்லை. சந்து முனையில் இரண்டு பேரும் வருவதைப் பார்த்ததும் முத்துவேல் எழுந்து நின்றார். பெஞ்சில் இருந்த பழைய பாட்டில்களை இறக்கப் பார்த்தார், முடியவில்லை. உயரமான ஒரு பேப்பர்க் கட்டை இழுத்துப் போட்டு, மேலே சாக்கு விரித்து, "இருங்கம்மா" என்றார். காளியம்மை உட்கார்ந்தாள். முழங்கால் மடங்காமல் சௌகரியமாக இருந்தது. இருந்தாலும் முகத்தில் காட்டவில்லை.

"எங்க தங்குத?"

"மேல, மச்சுல."

"படியா ஏணியா?"

"ஏணிதாம்மா."

"ஏணின்னா எனக்கு ஆகாது."

முத்துவேலுக்கு ஒரு கணம் விளங்கவில்லை. "நீங்க எதுக்கும்மா ஏணியில…" என்று ஆரம்பித்தவர் முப்பிடாதியைப் பார்த்தார். அவள் பழைய வாரிகை ஒன்றை எடுத்துத் தலைகீழாகப் புரட்டிக்கொண்டிருந்தாள். அவருக்கு எல்லாம் ஒரே சமயத்தில் விளங்கியது.

"அப்ப நான் எறங்கி வந்துருதேன்," என்றார்.

காளியம்மை தலையாட்டினாள். ஒரு ஆண்பிள்ளை பெண்வீட்டில் வந்து இருப்பதைச் சந்து என்ன பேசும் என்று அவளுக்குத் தெரியும். பேசுகிற வாய்கள் ஒவ்வொன்றையும் பேர் சொல்லத் தெரியும். "ஒரு வாரம் பேசுவாளுக. அப்புறம் வேற எவளாவது கெடைப்பா," என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். பிறகு கடையைச் சுற்றிப் பார்த்தாள். "ஆனா இந்தப் பேப்பர் ஒண்ணும் வீட்டுக்குள்ள வரப்பிடாது. கரப்பான் ஏறும்."

"வராதும்மா."

"புஸ்தகம்?" என்றாள் முப்பிடாதி.

"புஸ்தகம் வரலாம்."

ஆவணியில் வைத்துக்கொள்ளலாமா, தங்கைகளுக்கு யார் சொல்வது, சங்கரன்கோவிலுக்கு எப்போது போவது என்று காளியம்மையும் முத்துவேலும் பேசிக்கொண்டே போனார்கள். வாரிகையை மூடி வைத்துவிட்டு முப்பிடாதி சொன்னாள்: "நான் இன்னும் பதில் சொல்லல."

இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு அவளைப் பார்த்தார்கள். முத்துவேலின் கை தராசுச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டது. அவ்வளவு பெரிய ஆள் அப்படி நிற்பதைப் பார்க்க அவளுக்கு நன்றாக இருந்தது. கொஞ்ச நேரம் நிற்க விட்டாள்.

"சம்மதந்தான்," என்றாள்.

மறுநாள் சாயா குடித்து முடித்ததும் பெண்கள் வழக்கம்போல முறத்தோடு சூழ்ந்துகொண்டார்கள். முப்பிடாதி புத்தகத்தைத் திறக்குமுன் காளியம்மை பலகையில் இருந்தபடியே சொன்னாள்:

"நேத்து வாசிச்சது புஸ்தகத்துல உள்ளது இல்ல. எங்க வீட்டுச் சங்கதி. இவளுக்கும் ஆக்ரிக் கடை முத்துவேலுக்கும் ஆவணியில கல்யாணம். எல்லாரும் வரணும்."

மஞ்சுஷா முதலில் கை தட்டினாள். பிறகு இருக்கிற எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். வைத்தீஸ்வரன் எழுந்து வந்து, "நல்ல காரியம், நல்ல காரியம்" என்று சொல்லிவிட்டு, ஏன் எழுந்தோம் என்று தெரியாதவர் மாதிரித் திரும்பிப் போனார். ரோஜாதான் பேயறைந்தவள் போல இருந்தாள்.

"சின்னம்மே. அப்ப நான் ஒங்களயா மடத்துல சேத்தேன்?"

"சேத்த. மீன் கொழம்பு உண்டான்னுகூடக் கேக்காமச் சேத்துட்ட."

"எனக்கு என்ன தெரியும்? புஸ்தகத்துல உள்ள கெழவின்னு நெனச்சேன்."

"அதான் பாத்தேன். புஸ்தகத்துல உள்ள கெழவின்னா ஒனக்கு அம்புட்டு எளக்காரம்."

சிரிப்பு அடங்க நேரம் ஆனது. அப்புறம் மஞ்சுஷாதான் நினைவுபடுத்தினாள்: "அக்கா, அப்ப நெஜத் திரேசாவுக்கு என்ன ஆச்சு?"

எல்லோருக்கும் அது ஞாபகமே இல்லை. முப்பிடாதி புத்தகத்தை எடுத்தாள். கிழிந்த இடத்துக்கு அடுத்த பக்கத்தை விரலால் தேடிப் பிடித்து, இந்தத் தடவை உள்ளது உள்ளபடி வாசித்தாள். திரேசாவும் போட்டுக்காரனும் புது வீட்டில் இருந்தார்கள். முன்னறையில் தையல் மிஷின். ஜன்னலில் நீலத் திரை. சுவரில் ஒரு போட்டோ, அதற்குப் பூமாலை. அன்னம்மாவின் போட்டோ. கிழிந்துபோன பக்கங்களுக்குள் எங்கேயோ, யாருக்கும் தெரியாமல், கிழவி இறந்துபோயிருந்தாள்.

வாசித்த வேகத்தில் அந்த வரியையும் தாண்டிய பிறகுதான் முப்பிடாதி நிறுத்தினாள். பெண்கள் எல்லோரும் மெல்லத் திரும்பிக் காளியம்மையைப் பார்த்தார்கள்.

காளியம்மை முறத்தை ஒரு தட்டுத் தட்டி, உடைந்த சுக்கை ஓரமாக ஒதுக்கினாள்.

"எழுதுனவனுக்குச் சோலி சுளுவாப் போச்சு," என்றாள். "படி. மறுநாள் காலையில யாரு சாயா போட்டான்னு பாப்போம்."